ஏறக் கூடாத கோபுரம்

பீசாவில் படித்தவர்களிடம் போய், அந்தச் சாய்ந்த கோபுரத்து உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து ஜனங்கள் அதில் ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதன் நிழலிலேயே வருஷக்கணக்கில் குடியிருக்கும் மாணவர்கள் மட்டும் ஏற மாட்டார்கள். பட்டம் வாங்குவதற்கு முன்னால் ஏறினால் பட்டமே கிடைக்காது. யார் சொன்னது, ஆதாரம் என்ன என்றெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை. அணுவைப் பிளக்கும் பாடம் படிக்கிற பையன்கூட கோபுர வாசலைக் கண்டால் நாலடி தள்ளித்தான் நடப்பான்.

ரொசால்பாவும் அப்படித்தான் தள்ளி நடந்துகொண்டிருந்தாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு மே மாதம் வரைக்கும். இத்தாலியின் தெற்குக் கோடியில், கலாப்ரியாக் கடலோரத்தில் போவலினோ என்கிற ஊரிலிருந்து மருந்தியல் படிக்க வந்தவள். அப்பா சவேரியோவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வருகிற ஜூலையில் அவளுக்குப் பட்டம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பட்டமாவது, கிட்டமாவது! முதல் வருஷத்துக் கரிம வேதியியலையே அவள் தாண்டவில்லை. அங்கே பரீட்சை என்றால் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து வாயால் ஒப்பிக்க வேண்டும், மற்ற மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். முதல் தடவை அத்தனை கண்களுக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை பெயர் கூப்பிடுவதற்குள் எழுந்து ஓடிவந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஃபோனில் அப்பா, "எப்படிம்மா போச்சு?" என்று கேட்டார். "நல்லாப் போச்சுப்பா" என்றாள். அவர் போட்ட சந்தோஷக் கூச்சலில் அவளுக்குக் காது அடைத்துப் போயிற்று. அந்தக் கூச்சலை அடுத்த முறையும் கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்டாள். இப்படியே ஒவ்வொரு பாடமாக ஃபோனிலேயே பாஸ் ஆகிக்கொண்டு வந்து, ஃபோனிலேயே படிப்பையும் முடித்துவிட்டாள். பகலெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து, திறந்த புத்தகத்துக்கு மேலே கண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பாவம்தான், ஆனால் மடத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அந்த மே மாதத்தில்தான் அவளுடைய அம்மா பீனா ஒரு முடிவு எடுத்தாள். பட்டம் வாங்கும் பெண் கிழிந்த காலணியோடு பேராசிரியர்கள் முன்னால் நிற்கக் கூடாது. நல்ல கோட்டும் பாவாடையும் வேண்டும், தோல் செருப்பு வேண்டும், ஊருக்கெல்லாம் கொடுக்கச் சிவப்பு பாதாம் மிட்டாய் வேண்டும். பட்டத்துக்குச் சிவப்புதான், வேறு நிறம் கூடாது. தனக்கு முட்டிவலி என்பதால் மிம்மாவை அனுப்புகிறேன் என்றாள். இரண்டு பேரும் ரோமில் சந்தித்து, வழியில் சாமான்களை வாங்கிக்கொண்டே பீசா வரைக்கும் வருவதென்று ஏற்பாடு.

மிம்மா, ரொசால்பாவின் தெருக்காரி. நடக்கப் பழகிய நாளிலிருந்து கூட்டாளி. ஊரில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடையில் வேலை பார்த்தாள். கைக்கு ஒரு வேகம் என்றால் வாய்க்கு ஒன்பது வேகம். நேப்பிள்ஸுக்கு வடக்கே அவள் போனதே இல்லை. செப்டம்பரில் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது நாலு ஊர் பார்த்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள்.

ரொசால்பா ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முதலில் மிம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று மிம்மாவே ஒரு வழி சொல்வாள். ரோமில் இறங்கியதுமே சொல்லிவிட வேண்டும்.

ரோம் ஸ்டேஷனில் மிம்மா, கயிறு போட்டுக் கட்டிய பெட்டியும், காரத் தொத்திறைச்சி வாசம் வீசும் ஒரு மூட்டையுமாக இறங்கினாள். மொத்த நடைமேடையும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்து கத்தினாள்.

"அடியே, என்னடி இது, எலும்பும் தோலுமா நிக்கிற! படிப்பு உன்னை அப்படியே தின்னுடுச்சா?"

"மிம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி."

"அப்புறம் சொல்லு. முதல்ல போப்பாண்டவர் கோயிலைக் காட்டு. எங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

அங்கே வாசற்காவலாளி இருவரின் கையில்லாத சட்டைகளையும் பார்த்து, கூடாது என்று தலையை ஆட்டிவிட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சால்வைதான் இருந்தது. ஒருத்தி போர்த்திக்கொண்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வர, அடுத்தவள் அதை வாங்கிப் போர்த்திக்கொண்டு போனாள். "சாமி உள்ள இருந்து பார்த்தா ஒரே பொண்ணு ரெண்டு தடவை வர்றான்னு நினைச்சுக்குவாரு" என்று மிம்மா சொன்னாள். அந்தப் பெரிய சதுக்கத்தில் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்கப்புறம் ஸ்டேஷன் பக்கத்துத் துணிக்கடையில் கருநீலக் கோட்டும் பாவாடையும் எடுத்தார்கள். மிம்மா பேரம் பேசிய பேச்சில் கடைக்காரர் கடைசியில் பொத்தானையும் சும்மாவே மாற்றித் தைத்துக் கொடுத்தார். "பட்டம் வாங்கப் போற பொண்ணுய்யா இவ. நாளைக்கு உங்களுக்குத் தலைவலி வந்தா இவதான் மாத்திரை குடுக்கணும்" என்று வேறு சொல்லி வைத்தாள். ரொசால்பா கண்ணாடி முன்னால் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். பொருத்தமாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்று சொல்லவில்லை.

இன்று ரொசால்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அதற்கப்புறம் ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் எத்தனையோ தடவை போய் வந்துவிட்டாள், கணவனோடு, பிள்ளைகளோடு, ஊர்க் கோயில் பஸ்ஸில் கும்பலோடு. ஆனாலும் ஃப்ளாரன்ஸ் என்று யாராவது சொன்னால் அவளுக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு நாள்தான். இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஜன்னலை இறக்கிவிட்டுத் தலையை நீட்டிக்கொண்டு வந்தது, மிம்மாவின் முடி முழுக்க இரும்புத் தூசி, சந்தை வாசலில் வண்டிக்காரர் வெந்த மாட்டுக் குடலை வெட்டி நடுவில் வைத்துக் கொடுத்த சூடான ரொட்டி, அதன் சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. மனசில் அத்தனை பெரிய பொய்யை வைத்துக்கொண்டு போன பயணம்தான். ஆனால் சிரித்த சிரிப்பு ஒன்றுகூடப் பொய்யில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

ஃப்ளாரன்ஸில் பெரிய கோயிலை ஒட்டிய மணிக்கூண்டில் இருவரும் மூச்சு வாங்க ஏறினார்கள். மேலே காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. செங்கல் நிறக் கூரைகளைப் பார்த்துவிட்டு மிம்மா கேட்டாள்.

"பீசாவுலயும் இதே மாதிரி ரெண்டு பேரும் மேல ஏறிடுவோமா?"

"நீ ஏறு. நான் ஏற மாட்டேன்."

"ஏன், காசு குடுக்கணுமேன்னா? நான் தர்றேன்டி கஞ்சம்."

"அது இல்லடி. படிக்கிறவங்க யாரும் ஏற மாட்டாங்க. ஏறினா பட்டம் கிடைக்காது. என்கூட தங்கியிருந்த பொண்ணு பாட்டனார் சாவுக்குக்கூட அழல, தம்பி விளையாட்டுக்கு அவளை அந்த வாசப்படியில ஏத்தி விட்டுட்டான்னு ராத்திரி பூரா அழுதா."

மிம்மா சிரிக்கவில்லை. தெற்கத்திக்காரி, இந்த மாதிரி விஷயத்தில் விளையாட மாட்டாள். உடனே ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கொம்பு மாதிரி நீட்டித் தரையைக் குத்தி, திருஷ்டி கழித்தாள். "அப்ப நீ அந்தக் கோபுரம் பக்கமே வரக் கூடாது. ஜூலை முடியட்டும், குடும்பத்தோட ஏறிக்கலாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

இதோ, இப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது, தலைக்கு மேலேயே. இருவரும் காதைப் பொத்திக்கொண்டு படியில் ஓடினார்கள். சந்தையில் பழுப்புத் தோல் செருப்பு வாங்கினார்கள், ஒரு கைப்பை வாங்கினார்கள், ஒரு மிட்டாய்க் கடையில் சிவப்பு பாதாமை மூட்டையாகவே கட்டச் சொன்னார்கள். ஊருக்கு ஊர் கையில் ஒரு பை கூடியது, நெஞ்சிலும் ஒரு கல் கூடியது.

லூக்காவில் எதுவும் வாங்கவில்லை. மூட்டைகளை ஸ்டேஷனில் போட்டுவிட்டு, வாடகைக்கு சைக்கிள் எடுத்துக்கொண்டு, ஊரைச் சுற்றியிருக்கும் கோட்டை மதில்மேல் மரநிழலில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மிம்மாவுக்கு சைக்கிளை நிறுத்தத் தெரியாது. நிற்க வேண்டும் என்றால் புல்லில் போய் விழுவாள். விழுந்த இடத்திலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு தடவை சொன்னாள்.

"உங்கப்பா என்ன பண்றாருன்னு தெரியுமா? கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டைப் பிரிச்சு இடுப்புல துணி வச்சுத் தைக்கக் குடுத்திருக்காரு. ஜூலைல எல்லாருக்கும் ரயில் பாஸ் வாங்கியாச்சு, உன் சித்தப்பன் வீட்டுக் குஞ்சு குளுவான் உட்பட. எங்க கடைக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு, 'இது என் மகள், தொத்தொரெஸ்ஸா'ன்னு சொல்லிப் பார்க்குறாருடி. கை குலுக்குற மாதிரி கையை வேற நீட்டுறாரு. நாங்க சிரிச்சா கோவிச்சுக்குவாரு."

பட்டம் வாங்கின பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ரொசால்பா புல்லைப் பிடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கோட்டைப் பிரித்துத் தைக்கிற மனுஷனிடம் என்னவென்று சொல்வது? சாயங்கால ரயிலில் பீசா வந்து சேர்ந்தபோது இனி சொல்லவே முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் பகல் ரயிலில் மிம்மா ஊருக்குக் கிளம்புகிறாள். அவள் கூடவே அந்தப் பைகளும் வீட்டுக்குப் போய்விடும்.

மறுநாள் காலை கோபுரத்துக்குப் போனார்கள். மிம்மா அவளைப் புல்வெளியிலேயே நிறுத்தினாள்.

"இங்கயே நில்லு. பையை எல்லாம் பார்த்துக்கோ. ஒரு அடிகூட கிட்ட வராத."

மிம்மா ஒற்றைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் காலத்தில் கோபுரத்துச் சுற்று மாடங்களில் கைப்பிடிக் கம்பியெல்லாம் கிடையாது. மழைக்குத் தேய்ந்த சலவைக்கல், சாய்ந்த பக்கம் வந்தால் தூண்தான் துணை. கொஞ்ச நேரத்தில் ஒரு மாடத்தில் மிம்மா தெரிந்தாள். ஒரு கையால் தூணைக் கட்டிக்கொண்டு, மறு கையை வீசிக்கொண்டு, முழுத் தொண்டையில் கத்தினாள்.

"தொத்தொரெஸ்ஸா! ஏ தொத்தொரெஸ்ஸா ரொசால்பா! இங்க பாருடி!"

புல்வெளியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். யாரோ ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி, "வாழ்த்துகள், பெண்ணே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவ்வளவுதான், அவளால் நிற்க முடியவில்லை. வாயால் சொல்லத்தான் வரவில்லை, காலாவது சொல்லட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. பைகளை நினைவுப்பொருள் விற்கும் ஒரு பெண்ணின் தள்ளுவண்டிக்குக் கீழே தள்ளிவிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு, அந்த வாசலுக்குள் நுழைந்துவிட்டாள்.

படிகள் சாய்வுக்கு ஏற்றபடி ஒரு பக்கம் இழுத்தன, அடுத்த சுற்றில் இன்னொரு பக்கம் தள்ளின. மேலே இருந்து செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி வந்தது. வளைவில் மிம்மா எதிர்ப்பட்டாள். மாடத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

"அறிவிருக்காடி உனக்கு! இறங்கு! இறங்குடி! இன்னும் உச்சிக்குப் போகல, பாதியில இறங்கினா ஒண்ணும் ஆகாது. திரும்பு!"

இரண்டு தோளையும் பிடித்துக் கீழே தள்ளப் பார்த்தாள். ரொசால்பா சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நகராமல் நின்றாள். பின்னால் ஏறிவந்த ஜெர்மன்காரர்கள் கூட்டம் படியில் மாட்டிக்கொண்டு ஏதேதோ சொன்னது.

"விடு மிம்மா. நான் மேல போறேன்."

"உங்கம்மா என்னைக் கொன்னுடுவாடி! உனக்குப் பட்டம் வேணாமா?"

ரொசால்பா அவளை விலக்கிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். அதற்கடுத்ததிலும் வைத்தாள். மிம்மா அங்கேயே நின்று அவள் முதுகைப் பார்த்தாள். மிம்மா பேசாமல் இருந்து ரொசால்பா பார்த்ததே இல்லை. அப்புறம் காலடிச் சத்தம் மட்டும் பின்னால் வந்தது.

உச்சியில் மணிகளுக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஊர் கீழே கிடந்தது, ஆறு, கூரைகள், தூரத்தில் கோடாகக் கடல். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

"எத்தனை பரீட்சை பாக்கி?" என்று கேட்டாள் மிம்மா.

"பாக்கியைக் கேக்காதடி. முடிச்சதைக் கேளு, அது சீக்கிரம் சொல்லிடலாம்."

மிம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஃப்ளாரன்ஸ்ல மூணு கலர் செருப்பைப் போட்டுப் போட்டுப் பார்த்தியே, அப்ப உனக்கு உறுத்தலையா? அந்த ரோம் கடைக்காரன்கிட்ட நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனே, எதுக்குடி கத்தினேன்? லூக்காவுல உங்கப்பாவைப் பத்திச் சொன்னப்போ புல்லுப் பிடுங்கிட்டு உட்கார்ந்திருந்தியே பாவி!"

"ரோம்லேர்ந்து சொல்லணும்னுதான்டி பார்த்தேன்."

"சொல்லியிருக்கணும்! ரயில்லயே சொல்லியிருக்கணும்! நானும் உன்கூட அழுதிருப்பேன். அழுதுட்டு ஊர் பார்த்திருப்போம்." அப்போதுதான் மிம்மாவின் குரல் உடைந்தது. "நான் மட்டும் தனியா சந்தோஷமா இருந்திருக்கேன். நீ கூடவே இல்ல."

"இருந்தேன்டி. சத்தியமா இருந்தேன். அந்தச் சால்வை, அந்த சைக்கிள்… உன்கூட இருந்தப்போதான் அது மறந்துது."

மிம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரொசால்பாவின் முகத்தையும் அதே கைக்குட்டையால் துடைத்தாள், அழுத்தித் துடைத்தாள். "எந்திரி" என்றாள். "கீழ போய் உங்கப்பாவுக்குப் பேசு. நான் ஊருக்குப் போய் உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். உண்மையும் சொல்ல மாட்டேன். அதுக்கு எனக்குத் தெம்பு கிடையாது."

சதுக்கத்து மூலையில் இருந்த காபிக் கடையில், சுவரோரமாக டோக்கன் போட்டுப் பேசும் ஃபோன் இருந்தது. மிம்மா கைநிறைய டோக்கன் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தூரத்து ஊருக்குப் பேசினால் அது டோக்கனைக் கடலை மாதிரி தின்னும். காபி இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் அப்பாவே எடுத்தார்.

"என் கண்ணு! ஊரெல்லாம் சுத்தினீங்களா? அந்த வாயாடி உன்னைப் படுத்தாம இருந்தாளா?"

"அப்பா, ஜூலைல பட்டம் இல்லப்பா."

"ஏம்மா, தள்ளி வச்சுட்டாங்களா?"

எவ்வளவு சுலபம் பாருங்கள்! ஆமாம் தள்ளி வைத்துவிட்டார்கள் என்றால் முடிந்தது. ஒரு பொய் தானாகவே வந்து அவள் கையில் விழுந்தது. அப்பாவே எடுத்துக் கொடுக்கிறார். மிம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா. தள்ளி வைக்கல. நான் பரீட்சைக்குப் போறதையே விட்டுட்டேன். முதல் வருஷத்துலேர்ந்து உங்ககிட்ட சொன்னது எல்லாம் பொய்ப்பா. ஒண்ணுமே பாஸ் பண்ணல."

டோக்கன் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மிம்மா இன்னொன்று போட்டாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றார் அப்பா. யாரோ வழியில் போகிறவரிடம் பேசுவது போல இருந்தது அந்தக் குரல். "சாமியார்கிட்ட சொல்லிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். நான் என்ன… நான் அவங்ககிட்ட எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு…" அப்பா அழுது அவள் கேட்டதில்லை. மூச்சை உள்ளே இழுத்து இழுத்து அடக்கினார். ரொசால்பா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "என்னங்க, யாரு? ரொசால்பாவா? என்ன சொல்றா?"

அம்மா இன்னும் கிட்டத்தில் வந்து கேட்டாள். "என்னங்க, என்ன சொல்றான்னு கேக்குறேன்ல?"

அப்பா ஃபோனைக் கையால் பொத்தினார். சரியாகப் பொத்தவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொள்வதும், அப்புறம் உரத்த குரலில், நல்ல சேதி சொல்கிற மாதிரி சொல்வதும் இவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

"சனிக்கிழமை வீட்டுக்கு வர்றாளாம், பீனா!"

அம்மா போட்ட சந்தோஷக் கூச்சலில் தட்டோ கரண்டியோ கீழே விழுந்தது. வருகிறேன் என்று ரொசால்பா சொல்லவே இல்லை.

அப்பா மறுபடி ஃபோனைக் காதுக்குக் கொண்டுவந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குச் சொல்ல முடிஞ்சதை நான் சொல்லிட்டேன். மீதியை நீ வந்து சொல்லு. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

மிம்மா கையிலிருந்த டோக்கன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் யாரும் ஒன்றும் பேசவில்லை. ஃபோனை வைக்கவும் இல்லை.